பால் மறக்கடிக்க என்ன அவசரம்?

ஊரில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். குழந்தையைப் பாட்டி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நான்கைந்து நாள் அழும், அப்புறம் மறந்துவிடும். பாட்டி வீடு பக்கத்தில் இல்லாவிட்டால் வேப்பிலையை அரைத்து மார்பில் பூசுவார்கள். கரியபோளம் பூசுகிறவர்களும் உண்டு. குழந்தை ஒரு தடவை வாய் வைத்து முகம் சுளித்தால் காரியம் முடிந்தது என்பார்கள். அது குழந்தையின் பக்கத்துக் கணக்கு மட்டும்தான். அந்த நான்கைந்து நாளும் தாய்க்கு மார்பு கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, கையைத் தூக்க முடியாமல், சிலருக்குக் குளிர்ஜுரமும் வந்து கிடந்ததை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சிட்னி வென்ட்வொர்த்வில்லிலும் மெல்பர்ன் டான்டினாங்கிலும் இருக்கும் நம் பெண்களுக்குப் பாட்டி வீடு விமானத்தில் போகும் தூரம். பிரசவம் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த அம்மா எப்போதோ ஊர் திரும்பியிருப்பார். அவசரம் மட்டும் அப்படியே இருக்கிறது. இங்கே அரசு தரும் பெற்றோர் விடுப்புப் பணம் 2011-இல் 18 வாரத்துக்குத்தான் இருந்தது. படிப்படியாகக் கூட்டி, 2025 ஜூலை முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு 24 வாரம், 2026 ஜூலை முதல் 26 வாரம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அதோடு கம்பெனி லீவு, சம்பளமில்லா லீவு என்று சேர்த்துப் பலர் ஒரு வயதுவரை ஓட்டிவிடுகிறார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை வேலை தொடங்கும். “இந்த சனி, ஞாயிறில் பாலை நிறுத்திவிடுகிறேன் ஆன்ட்டி” என்று வெள்ளிக்கிழமை வந்து சொல்வார்கள். வலி தொடங்குவது அந்த இரண்டு நாள் கணக்கில்தான். பால் நிறுத்துவது தன்னளவில் வலிக்கிற வேலை இல்லை, வேகமாக நிறுத்தினால்தான் வலிக்கும். ஏன் என்று தெரிந்துகொண்டால் மீதியை நீங்களே யோசித்துச் செய்துவிடலாம். டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பிரசவமான முதல் சில நாட்களில் பால் சுரப்பதைப் பெரும்பாலும் உடம்பின் ஹார்மோன்கள்தான் நடத்துகின்றன. குழந்தை குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பால் கட்டும். சில வாரம் போனபின் அதிகாரம் மெல்ல மார்பகத்தின் கைக்கே வந்துவிடுகிறது. தெருமுனைக் கடைக்காரர் நேற்று விற்றதைப் பார்த்து இன்றைக்குச் சரக்கு எடுக்கிற மாதிரிதான். பால் வெளியே போனால் அதற்கு ஈடாகச் சுரக்கும். உள்ளேயே தேங்கினால் சுரப்பு மெதுவாகும். இதைக் கணக்காகக் காட்டியதில் பெர்த் நகரில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பீட்டர் ஹார்ட்மன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1990களில் மார்பகத்தின் கனஅளவைக் கணினி மூலம் அளந்து, ஒரு தடவை குடித்து முடித்ததற்கும் அடுத்த தடவைக்கும் இடையில் எவ்வளவு வேகமாகப் பால் ஊறுகிறது என்று பார்த்தார்கள். எவ்வளவுக்கு அதிகமாகக் காலியாகிறதோ அவ்வளவுக்கு வேகமாக ஊறியது. நிறைந்திருந்த மார்பில் வேகம் குறைந்தது. இன்னொன்றும் தெரிந்தது: வலது மார்பும் இடது மார்பும் ஒன்றின் கணக்கை மற்றொன்று பார்ப்பதில்லை. ஒரு பக்கம் முந்தி வற்றிவிட்டால் பயப்பட வேண்டாம்.

அதே குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகள் மார்பில் இருக்கும் பாலில் சராசரியாக 67 சதவீதம்தான் குடிக்கிறார்கள் என்று கண்டார்கள். மார்பு முழுக்கக் காலியாவது இயல்பான நிலையே இல்லை. “ஒரு சொட்டு இல்லாமல் பீய்ச்சிவிடு, இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளும்” என்று சொல்லும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம். முழுக்கப் பீய்ச்சினால் அன்றைக்குச் சுகமாக இருக்கும். மறுநாள் மார்பு அதே அளவு பாலைக் கொண்டுவந்து வைக்கும். பால் நிறுத்தப் பார்க்கிற பெண் மாதக்கணக்கில் பம்ப்போடு மல்லாடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே பாலைக் கொஞ்சம் தேங்க விட வேண்டும், ஆனால் வலிக்கும் அளவுக்குத் தேங்க விடக்கூடாது. எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மார்பில் பால் பிடிக்கும் அளவு ஒருவருக்கு ஒருவர் பல மடங்கு வேறுபடுகிறது. அது மார்பின் வெளித்தோற்ற அளவோடு சம்பந்தப்பட்டதும் இல்லை. ஆறு மணி நேரம் அசையாமல் இருப்பவரும் உண்டு, மூன்று மணி நேரத்தில் நெளிய ஆரம்பிப்பவரும் உண்டு. தோழி ஒரு வாரத்தில் நிறுத்தினாள் என்றால் அது அவளுடைய உடம்பு.

பதினோரு மாதக் குழந்தை ஒரு நாளில் ஐந்து தடவை குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்ததும், பத்து மணிவாக்கில், மத்தியானம், சாயங்காலம், தூங்கும்போது. இதில் எதற்குக் குழந்தை அவ்வளவாக ஆசைப்படவில்லையோ அதை முதலில் எடுங்கள். பெரும்பாலும் அது மத்தியானமாக இருக்கும், ஏனென்றால் அப்போது பருப்புச் சோறோ கீரையோ வயிற்றில் இருக்கிறது. எடுத்துவிட்டு மூன்று நான்கு நாள், முடிந்தால் ஒரு வாரம் அப்படியே விடுங்கள். முதல் இரண்டு நாள் மத்தியானம் மார்பு கனக்கும், பிறகு கனக்காது. கனம் நின்றதும் அடுத்த வேளைக்குப் போகலாம். அப்படிப் போகும்போது அடுத்தடுத்த இரண்டு வேளைகளை ஒன்றாக எடுத்துவிடாதீர்கள். பத்து மணியையும் மத்தியானத்தையும் சேர்த்து எடுத்தால் காலையிலிருந்து சாயங்காலம்வரை பால் தேங்கும், வலி அங்கேதான் பிடிக்கும். மத்தியானத்தை எடுத்த உடனே சாயங்காலத்தையோ பத்து மணியையோ எடுக்க வேண்டாம், முதலில் உடம்பு இந்த இடைவெளிக்குப் பழகட்டும். கடைசியில் காலையும் இரவும் மிஞ்சும். அந்த இரண்டையும் அவசரமாக எடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. கடைசி ஒரு வேளைக்கு வந்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நீட்டி நிறுத்தலாம். ஐந்து வேளைக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம். ஆகவே வேலையில் சேரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

நடுவில் குழந்தைக்குச் சளி பிடித்தாலோ, பல் முளைத்தாலோ, சைல்ட்கேரில் சேர்த்த முதல் சில வாரங்களிலோ அடுத்த வேளையை எடுக்காமல் நிறுத்தி வைப்பது நல்லது. சைல்ட்கேர் தொடங்கியதும் வாராவாரம் ஏதாவது ஒரு சளி வீட்டுக்கு வரும். அது இந்த ஊர்ப் பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்த கதை.

மார்பு கனத்து வலித்தால் என்ன செய்வது? வெந்நீர் ஷவரில் நின்று கையால் கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள். கல் மாதிரி இருந்தது கொஞ்சம் இளகி, மூச்சு விடச் சுகமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். காலியாகும்வரை போகக் கூடாது. பம்ப் வைத்திருந்தாலும் இரண்டு மூன்று நிமிஷம் போதும். அதற்குப் பிறகு குளிர்ச்சி. ஃப்ரீசரில் இருக்கும் பட்டாணிப் பாக்கெட்டைத் துணியில் சுற்றி வைத்தாலும் சரிதான். இங்கே பெரியவர்களோடு ஒரு சின்னத் தகராறு வரும். “சூடு ஒத்தடம் கொடு, நல்லா அழுத்தித் தேய்த்துக் கட்டியைக் கரை” என்பார்கள். பல காலம் மருத்துவர்களும் அதையேதான் சொன்னார்கள். 2022-இல் தாய்ப்பால் மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி அதை மாற்றியது. கட்டியிருக்கும் இடத்தில் உள்ளது பெரும்பாலும் வீக்கம், அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும், ஆகவே குளிர்ச்சி கொடுங்கள், கையை மென்மையாக வையுங்கள் என்கிறது அது. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன் இரண்டும் பால் கொடுக்கும்போதே எடுக்கக்கூடியவைதான். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருப்பவர்கள் ஐபுப்ரோஃபனுக்கு முன் பார்மசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

துணியால் மார்பை இறுக்கிக் கட்டும் பழைய வழக்கம் வேண்டாம். அது வலியைக் குறைப்பதில்லை, குழாய்களை அழுத்திப் புதிய தொல்லை கொண்டுவரும். தாங்கிப் பிடிக்கிற, கம்பி குத்தாத பிரா போதும்.

இனி மல்லிகைப்பூ. இதைச் சொல்லாமல் தமிழ்ப் பத்திரிகையில் பால் நிறுத்துவதைப் பற்றி எழுத முடியாது. மல்லிகைச் சரத்தை மார்பில் கட்டிக்கொண்டால் பால் வற்றும் என்று நம் ஊரில் சொல்வார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சும்மா விடாமல் சோதித்துப் பார்த்தார்கள். பிரசவமான உடன் பாலை நிறுத்த வேண்டியிருந்த 60 பெண்களில் ஒரு பகுதியினருக்குக் குண்டுமல்லியும், மற்றவர்களுக்கு அந்தக் காலத்தில் பால் நிறுத்தக் கொடுத்துவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையும் கொடுத்தார்கள். இரு தரப்பிலும் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் குறைந்தது. மாத்திரையில்தான் அதிகம் குறைந்தது. ஆனால் பால் அளவு, மார்பு கட்டுதல், வலி மாத்திரை கேட்டது என்று பார்த்தால் பூவும் மாத்திரையும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. அந்தக் கட்டுரை 1988-இல் வெளியானது எங்கே தெரியுமா? ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மகப்பேறு மருத்துவர்களின் ஆய்விதழில். நம்மைவிட முந்திக்கொண்டு வேலூர் மல்லிகை இந்த ஊருக்கு வந்துவிட்டது.

இதை எவ்வளவு நம்பலாம்? பிரசவமான உடன் பாலை எடுக்காமல் விட்டாலே பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். அதில் பூவின் பங்கைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஒரு வருஷம் பால் கொடுத்தவரின் உடம்பும் அந்தப் பெண்களின் உடம்பும் ஒன்றல்ல. கெடுதல் இல்லை, ஆசையிருந்தால் கட்டிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் வசந்த காலத்தில் சிட்னி வேலிகளில் படர்ந்து மணக்கிறதே, இளஞ்சிவப்பு மொட்டு விட்டு வெள்ளையாகப் பூப்பது, அது வேறு இனம். இங்கே அதைக் களைச்செடிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதைப் பறித்துக் கட்டிக்கொண்டு வேலூர் ஆய்வைக் குறை சொல்ல வேண்டாம்.

வெள்ளைக்காரத் தோழிகள் முட்டைக்கோஸ் இலையைப் பரிந்துரைப்பார்கள். சிரிக்க வேண்டாம், அதையும் இந்த நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். டார்வினில் கேத்ரின் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் மார்பு கட்டிய தாய்மாருக்கு ஒரு பக்கம் குளிர்ந்த கோஸ் இலையும் மறுபக்கம் குளிர்ந்த ஜெல் பாக்கெட்டும் வைத்துப் பார்த்தார். ஆய்வு 1995-இல் வெளியானது. இரண்டிலும் வலி ஒரே மாதிரி குறைந்தது, ஆனால் பெண்களில் பெரும்பாலோர் இலைதான் பிடித்திருக்கிறது என்றார்கள். அவரே இன்னொரு ஆய்வில் ஃப்ரிட்ஜில் வைத்த இலையையும் வைக்காத இலையையும் ஒப்பிட்டார், பலனில் வித்தியாசம் இல்லை. மார்பு வளைவுக்குப் பொருந்துகிறது, விலையும் அதிகமில்லை, மீதியைப் பொரியல் செய்துவிடலாம் என்பதே கோஸின் உண்மையான சிறப்பு என்று நினைக்கிறேன்.

மாத்திரை வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். புரோமோகிரிப்டினைப் பால் நிறுத்த இப்போது பரிந்துரைப்பதில்லை, அரிதாகப் பக்கவாதம், மாரடைப்பு வரை போன சம்பவங்கள் அதற்குக் காரணம். கேபர்கோலின் என்ற மாத்திரை இருக்கிறது. அது பெரும்பாலும் பிரசவமான உடன் நிறுத்த வேண்டியவர்களுக்கு. மாதக்கணக்கில் பால் கொடுத்தபின் மெதுவாக நிறுத்த நேரமிருப்பவருக்கு மருத்துவர்கள் அதைத் தேடிப் போவதில்லை. இன்னொரு விஷயம், நிறுத்த எண்ணமில்லாதவர்களுக்கு: மூக்கடைப்புக்குப் பார்மசியில் அடையாள அட்டை காட்டி வாங்கும் சூடோஎஃபெட்ரின் பாலைக் குறைக்கும். பெர்த் ஆய்வாளர்கள் 2003-இல் எட்டுத் தாய்மாரிடம் பார்த்தபோது 60 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை கொடுத்ததில் அன்றைய பால் 24 சதவீதம் குறைந்தது. அதற்காக அதையே பால் நிறுத்தும் மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் அது தொடும்.

வேப்பிலைக்கு வருவோம். கசப்பைப் பூசி ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது. நேற்றுவரை ஆறுதலாக இருந்த இடம் இன்று திடீரெனக் கசந்தால் குழந்தைக்கு அது புரியாது, நமக்கும் பால் ஒரே நாளில் தேங்கிவிடும். கரியபோளம் பேதி மருந்து, அதைக் குழந்தையின் வாய் படும் இடத்தில் வைப்பது ஆபத்து. சமாதானப்படுத்த ரப்பர் முலையைத் தேனில் தொட்டுக் கொடுப்பதும் ஒரு வயதுக்குள் கூடாது, தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் குழந்தையின் நரம்புகளைப் பாதிக்கலாம். ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தைக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது: நாமாகக் கொடுப்பதில்லை, கேட்டால் மறுப்பதில்லை. வழக்கமாகப் பால் கொடுக்கும் நாற்காலியில் உட்காராமல் இருந்தாலே பாதி வேளை மறந்துபோகும். இரவில் அப்பா தூங்க வைக்கட்டும். முதல் இரண்டு நாள் அவருக்கும் அழுகை வரும்.

ஒரு வயதுக்குள் நிறுத்தினால் தாய்ப்பாலுக்குப் பதில் ஃபார்முலாதான், பசும்பால் முக்கிய பானமாக ஆகாது. ஒரு வயதுக்குப் பிறகு ஆடை எடுக்காத பசும்பாலைக் கப்பில் கொடுக்கலாம், புட்டியே வேண்டாம். கடையில் அடுக்கி வைத்திருக்கும் ‘டாட்லர் மில்க்’ டின்களை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? மார்பில் ஒரு இடம் சிவந்து சூடாகி, உடம்பு முறித்துப்போட்டது போல வலித்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஜி.பி.யைப் பாருங்கள். அந்த நேரத்தில் பாலைச் சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய தவறு. தேங்கினால் சீழ்கட்டிவரை போகலாம். கொடுக்கிற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியதுதான். சரியான பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

வேலைக்குப் போகிற ஒரே காரணத்துக்காக நிறுத்துகிறீர்கள் என்றால் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். பால் கொடுப்பதற்காக ஒரு பெண்ணைப் பாகுபடுத்துவது இங்கே 1984-ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுச் சட்டப்படி சட்டவிரோதம். 2011 திருத்தத்தில் அதைத் தனிக் காரணமாகவே சேர்த்தார்கள். இந்தியாவில் சட்டம் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினம் இரண்டு இடைவேளை தருகிறது, ஆனால் இந்தச் சட்டங்களைப் பற்றி மேலாளரிடம் கேட்க இரு நாட்டிலும் கூச்சம் ஒன்றுதான். எடுத்த பாலை ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம், பெயர் எழுதிக் கொடுத்தால் சைல்ட்கேரில் கொடுப்பார்கள். அதெல்லாம் முடியாது என்றால் பகல் வேளைகளை மட்டும் எடுத்துவிட்டு காலையும் இரவும் கொடுத்துக்கொண்டே மாதக்கணக்கில் இருக்கலாம். சில வாரத்தில் உடம்பு அந்தக் கணக்குக்கு வந்துவிடும்.

சந்தேகம் வந்தால் ஆஸ்திரேலியத் தாய்ப்பால் சங்கத்தின் 1800 686 268 எண்ணைக் கூப்பிடுங்கள். 1964-இல் மெல்பர்னில் மேரி பேட்டன் என்ற தாய் இன்னும் சில தாய்மாரோடு தொடங்கியது அது. முதலில் வேறு பெயரில் இருந்து 2001-இல் இந்தப் பெயருக்கு மாறியது. பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற தாய்மார்கள். “நிறுத்தப் போகிறேன் என்று சொன்னால் திட்டுவார்களோ” என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். வலியில்லாமல் நிறுத்த உதவுவதும் அவர்கள் வேலைதான். தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450-ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்ளலாம். விக்டோரியாவில் இருப்பவர்களுக்குத் தாய் சேய் நல நர்ஸ் 13 22 29-இல் இரவிலும் கிடைப்பார்.

கடைசி வேளையை நிறுத்திய வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவதும் மனம் சோர்ந்து கிடப்பதும் சிலருக்கு உண்டு. ஹார்மோன் இறங்குவதும் அதில் சேர்ந்திருக்கலாம். மெதுவாக நிறுத்துவது மனசுக்கும் நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் ஜி.பி.யிடம் சொல்லுங்கள், 1300 726 306-இல் பிரசவகால மனச்சோர்வுக்கு உதவும் ‘பாண்டா’ அமைப்போடு பேசலாம். பால் நின்றபின் மாதவிலக்கும் ஒழுங்காகத் திரும்பும். அதற்கு முன்பே கருத்தரிக்கவும் முடியும் என்பதை வீட்டில் இருவரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பால் நின்று வாரக்கணக்கில், மாதக்கணக்கிலும் கூட அழுத்தினால் ஓரிரு துளி வரும். அது இயல்பு. வருகிறதா என்று தினமும் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தால் வந்துகொண்டேதான் இருக்கும். கரையாத கட்டி ஏதாவது கையில் தட்டுப்பட்டாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ மட்டும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.